பத்மினியின் சோலெக்ஸைக் கழற்றி எறிய வேண்டாம்: மதுரையில் யாரிடம் கொடுக்கலாம்?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரியப்பா வைத்திருந்த 1978 மாடல் பிரீமியர் பத்மினி கார் (ஃபியட் என்று சொல்வோமே, அதுதான்) இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டால் ஸ்லோவில் நிலையாக ஓடுவதில்லை, சிக்னலில் ஆஃப் ஆகிவிடுகிறது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரின் மூடி ஓரத்தில் பெட்ரோல் கசிகிறது. பார்த்த இரண்டு மெக்கானிக்கும் “இந்த சோலெக்ஸ் இனிமே ஆகாது, ஆம்னி கார்புரேட்டர் போட்டுரலாம்” என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு வண்டியோடு வந்த சோலெக்ஸ் கார்புரேட்டரையே சரி செய்து ஓட்ட வேண்டும் என்று ஆசை. மதுரையில் அதைச் செய்ய ஆள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள் தம்பி. ஆனால் “கார்புரேட்டர் ஓவர்ஹால் செய்யப்படும்” என்று போர்டு மாட்டிய ஒரு கடையைத் தேடினீர்கள் என்றால் கிடைக்காது. இந்த வேலை இரண்டு பேருடைய கைக்குப் பிரிந்து கிடக்கிறது. கார்புரேட்டர் தெரிந்த பெரியவர் ஒருவர், நுணுக்கமாகக் கடையத் தெரிந்த லேத்காரர் ஒருவர். இரண்டு பேரையும் நீங்கள்தான் சேர்த்து வைக்க வேண்டும். பெரும்பாலான மெக்கானிக்குகள் “ஆகாது” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்களிடம் லேத் இல்லை, கடையில் கேட்டால் பார்ட்ஸ் இல்லை, அதனால் ஆகாது என்கிறார்கள்.

முதலில் ஆம்னி கார்புரேட்டர் பற்றி. அதைப் போட்டால் வண்டி ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. மதுரையில் அப்படி ஓடுகிற பத்மினிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது 796 சிசி எஞ்சினுக்கு அளந்து செய்தது. உங்கள் வண்டி 1089 சிசி. நடுவில் ஒரு பிளேட் வெட்டி வைக்க வேண்டும், ஆக்சிலேட்டர் கம்பியை வளைக்க வேண்டும், ஒரிஜினல் ஏர் ஃபில்டர் உட்காராது. கழற்றிய சோலெக்ஸ் கொஞ்ச நாள் டிக்கியில் கிடக்கும், அப்புறம் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். அதற்குப் பிறகு மனம் மாறினாலும் திரும்ப முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: எதைச் செய்தாலும் அந்த சோலெக்ஸ் பாடியைக் கையை விட்டுப் போக விடாதீர்கள். ஜெட் (பெட்ரோலை அளந்து விடுகிற துளை உள்ள சின்னத் திருகு), டயஃப்ரம் (ரப்பர் சவ்வு), கேஸ்கெட் (கசியாமல் நடுவில் வைக்கும் அட்டை) எல்லாம் எப்படியாவது வாங்கிவிடலாம், செய்துவிடலாம். வண்டியோடு பிறந்த பாடி ஒன்றுதான்.

சோலெக்ஸ் பிரெஞ்சுப் பெயர் என்றாலும் நம் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் சென்னையில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் தயாரித்தது. அதே நிறுவனம் 1985ல் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து யூக்கால் கம்பெனியைத் தொடங்கியது. அதாவது, பழையதும் அதற்குப் பதிலாகப் போடச் சொல்கிற ஆம்னியின் மிகுனி வகையும் நம் சென்னையில் ஒன்றுக்கொன்று உறவு. அந்தக் காலத்தில் இதைப் பிரித்துப் போட்டவர்கள் நம் பக்கத்தில் ஏராளமாக இருந்தார்கள். மதுரை சும்மா ஊர் இல்லை, டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912லேயே பஸ் விட்ட ஊர். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியில் எரிவாயு எடுத்து பஸ் ஓட்ட இங்கே யந்திரம் செய்தார்கள். அப்படிப்பட்ட பெரிய பட்டறைகளில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்று, எழுபது எண்பதுகளில் தனியாக ஷெட் போட்டவர்கள் இன்றைக்கு அறுபத்தைந்து, எழுபத்தைந்து வயதில் இருப்பார்கள். ஷெட்டை மூடியிருப்பார்கள், இல்லை மகன் டூவீலர் சர்வீஸ் செய்துகொண்டிருப்பார். உங்களுக்கு வேண்டியது அவர்கள்.

அவர்களைக் கண்டுபிடிக்கப் பழைய டாக்சி டிரைவர்களைப் பிடியுங்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அம்பாசிடர் ஓட்டிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். “பெட்ரோல் அம்பாசிடர், ஃபியட் எல்லாம் யாரிடம் விட்டீங்க அண்ணே?” என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டு இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அவர் வீட்டைத் தேடிப் போங்கள். அடுத்தது, டீசல் பம்ப் கேலிபிரேஷன் செய்கிற கடைகள். அவர்கள் கார்புரேட்டரைத் தொட மாட்டார்கள், ஆனால் நுணுக்க வேலைக்காரர்கள், யார் கை சுத்தம் என்று அவர்களுக்குத் தெரியும். போடி, கம்பம் பக்கம் உறவுக்காரர் இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் இப்போது டீசல்தான் என்றாலும், பெட்ரோல் ஜீப் காலத்து மெக்கானிக்குகள் அந்த மலையடிவார ஊர்களில் இருக்கிறார்கள். மேட்டில் ஏறும்போது திணறாமல் இழுக்கும்படி கார்புரேட்டர் வைத்துக் கொடுத்துப் பழகிய கைகள் அவை.

பழைய புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 பைக் பார்க்கிற பையன்களையும் ஒதுக்காதீர்கள். அவர்களில் சிலரிடம் அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறது, சுத்தம் செய்வதற்கு அருமையான சாதனம். காரில் இன்ஜெக்டர் கிளீன் செய்கிற கடைகளிலும் இருக்கும். ஆனால் சுத்தம் செய்வது மட்டும்தான் அவர்கள் பங்கு. மிதவை மட்டம் (உள்ளே பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பது), ஸ்பிண்டில் ஆட்டம் எல்லாம் காரில் வேறு கணக்கு.

சரி, ஆள் கிடைத்துவிட்டார் என்று வையுங்கள். நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் அவர் என்ன பார்க்கிறார். நல்ல ஆள் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார், பிளக்குக்குக் கரண்டை விட்டு விட்டு அனுப்ப வைக்கும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளியைப் பார்ப்பார், டைமிங் பார்ப்பார், பெட்ரோல் பம்ப் ஒழுங்காகத் தள்ளுகிறதா என்று ஹோஸைக் கழற்றிப் பார்ப்பார், டேங்கில் துரு இருக்கிறதா என்று கேட்பார். ஏனென்றால் கார்புரேட்டர் கோளாறு என்று வருகிறதில் நிறைய கரண்ட் கோளாறுதான். பாயின்ட் தேய்ந்துபோனால் ஸ்லோவில் நிற்காது, பிக்கப் இருக்காது, மிஸ்ஸிங் அடிக்கும். ஆள் பழி போடுவது கார்புரேட்டர் மேல். வண்டியைப் பார்க்காமலே “கழட்டிக் கொண்டாங்க பார்த்துரலாம்” என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். “வண்டியோட வாங்க” என்கிறவரிடம் கொடுங்கள்.

அடுத்து அவரிடம் ஸ்பிண்டிலைப் பற்றிக் கேளுங்கள். கார்புரேட்டரின் அடியில் பட்டர்ஃப்ளையை, அதாவது ஆக்சிலேட்டரை இழுத்தால் திறக்கிற தகட்டை, தாங்குகிற குறுக்குத் தண்டு அது. நாற்பது ஐம்பது வருஷம் ஆக்சிலேட்டர் இழுத்த இழுப்பில் அது உட்காருகிற துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும், அந்த இடுக்கில் காற்று உள்ளே போகும். உங்கள் வண்டி ஸ்லோவில் நிற்காததற்கு இது முக்கியமான காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே பார்க்கலாம்: எஞ்சின் ஓடும்போது அந்தத் தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், சத்தம் மாறினால் காற்று இழுக்கிறது. இதற்குப் புது கேஸ்கெட், புது டயஃப்ரம், புது ஜெட் என்ன போட்டாலும் பயன் இல்லை. ரிப்பேர் கிட் போட்டும் சரியாகவில்லை, அதனால் சோலெக்ஸே மோசம் என்று சொல்கிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் தவறினார்கள். தேய்ந்த துளைக்குள் வெண்கல வளையம் இறக்குவதைத்தான் புஷ் போடுவது என்பார்கள். “புஷ் போடணும்” என்று அந்தப் பெரியவர் தானாகச் சொன்னார் என்றால் ஆள் சரி.

புஷ் போடுவது லேத்காரர் வேலை. கே.புதூர் தொழிற்பேட்டையிலும் கப்பலூரிலும் சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்கிற லேத்கள் உண்டு. பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒற்றை கார்புரேட்டரை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள், அதனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். என் வண்டிக்குப் புதூரில் ஒரு அண்ணன் போட்டுக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டர்ஃப்ளையைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூவின் நுனியைக் கம்பெனியிலேயே தட்டி அகலப்படுத்தியிருப்பார்கள், கழன்று எஞ்சினுக்குள் விழாமல் இருக்க. அதைத் தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூ முறியும், தண்டும் போகும். அவர் முதலில் மெல்லிய அரத்தால் அந்தத் தட்டிய நுனியை ராவி எடுத்தார், அதற்குப் பிறகுதான் திருகினார். பட்டர்ஃப்ளைத் தகட்டின் விளிம்பு சாய்வாக இருக்கும், தலைகீழாக மாட்டிவிட்டால் மூடாது என்பதால் எந்தப் பக்கம் மேல் என்று ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்தார். அப்புறம் இரண்டு பக்கத் துளையையும் தனித்தனியாகக் குடையாமல், ஒரே நேர்கோட்டில் ரீமரை (துளையைச் சீராக அகலப்படுத்தும் கருவி) இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். தனித்தனியாகக் குடைந்தால் ஒரு முடி அளவு கோணல் வந்தாலும் தண்டு இறுகிவிடும், ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொண்டு திரும்பாது. வெண்கல புஷ் இறக்கி, தண்டு போட்டு, தகடு மாட்டி, வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். மூடிய தகட்டைச் சுற்றி நூல் போல வெளிச்சம், எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மறைந்திருந்தால் திரும்பக் கழற்ற வேண்டும் என்றார். வாங்கிவரும்போது நீங்களும் அப்படிப் பிடித்துப் பாருங்கள். புது ஸ்க்ரூ நுனியையும் மறுபடி தட்டியிருக்கிறாரா என்று கட்டாயம் பாருங்கள்.

மூடி ஓரத்தில் கசிவதற்கு வருகிறேன். இந்த பாடி துத்தநாகக் கலவை, மெத்தென்ற உலோகம். கசிகிறதே என்று ஒவ்வொருவரும் ஸ்க்ரூவை இறுக்க இறுக்க மூடியின் காதுகள் கீழே வளைந்து நடுவில் தூக்கிவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் எமரி பேப்பரை விரித்து, மூடியை மெதுவாக 8 போடுகிற மாதிரித் தேய்த்தால் மட்டமாகிவிடும். பொறுமை வேண்டும், பவர் டூல் கூடாது. ஆனால் கசிவுக்கு வளைவு மட்டும் காரணமாக இருக்காது, மிதவையையும், அது மேலே எழும்பும்போது பெட்ரோலை அடைக்கிற நீடில் வால்வையும் பார்க்க வேண்டும். வால்வு சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் மட்டம் ஏறி வழியும். பித்தளை மிதவையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் உள்ளே பெட்ரோல் புகுந்து கனம் கூடி அது அமிழ்ந்துவிடும். காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சளக் என்று கேட்டால் ஓட்டை. கேட்காவிட்டாலும் சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள், குமிழி வருகிற இடம் ஓட்டை. அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், உள்ளே பெட்ரோல் இருக்கலாம்.

புது மிதவை கிடைக்கவில்லை என்றால் பற்ற வைக்கலாம். இதற்கு நான் மெக்கானிக்கிடம் போக மாட்டேன், தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகை வேலை செய்கிறவரிடம் போவேன். உள்ளே போன பெட்ரோல் முழுக்க வெளியேறி நன்றாகக் காய்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், இதை அவரிடமும் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக் கை ஈயத்தைக் கட்டியாக அப்பிவிடும், மிதவையின் எடை மாறிவிடும், எடை மாறினால் மட்டம் மாறும். நகை ஆசாரி ஒரு துளி வைத்து, மிச்சத்தை வழித்து எடுத்துவிடுவார். சோலெக்ஸ் மிதவைகள் பலவற்றில் எடை கிராமில் பொறித்திருக்கும். அவருடைய தராசிலேயே பற்ற வைப்பதற்கு முன்னும் பின்னும் போட்டுப் பார்த்துவிடலாம். மட்டத்தைச் சரிசெய்ய மிதவையின் கையை வளைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சோலெக்ஸில் நீடில் வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரின் தடிமனை மாற்றித்தான் மட்டம் வைக்க வேண்டும். அந்தச் செம்பு வாஷரைத் தொலைத்துவிட்டுக் கையில் கிடைத்ததைப் போட்டால் அன்றிலிருந்து வண்டி பெட்ரோல் குடிக்கும்.

ஜெட் விஷயத்தில் நான் சூடுபட்டவன். பத்து வருஷத்துக்கு முன் என் பத்மினி கார்புரேட்டரை ஒரு பட்டறையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். ஒரு வாரத்தில் வெள்ளி பெயின்ட் அடித்துப் புதுசு போலத் திருப்பிக் கொடுத்தார்கள், பார்த்ததும் சந்தோஷம். ஆனால் வண்டி கறுப்புப் புகை கக்கியது, மைலேஜ் பாதியாகிவிட்டது. மெயின் ஜெட்டைக் கழற்றி வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கும் லென்ஸில் பார்த்தேன். துளையின் உள்விளிம்பில் கம்பி விட்டுக் குடைந்த கோடுகள், தலையில் இருந்த நம்பரை அரத்தால் ராவியிருந்தார்கள். அந்த நம்பர் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அந்த அளவில் செய்த துளைக்குள் குண்டூசி, செம்புக் கம்பி விட்டுக் குத்தினால் அது ஜெட் இல்லை, வெறும் ஓட்டை. ஜெட்டைக் காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதனால் கொடுப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு ஜெட்டின் நம்பரையும், பாடியில் பொறித்திருப்பதையும் ஒரு பேப்பரில் எழுதி, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கழற்றிய பத்மினிகளில் இருந்தது 32 பிபிஐசி. அந்த 32 என்பது பட்டர்ஃப்ளை இருக்கும் துளையின் விட்டம். கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும், கிழிந்த கேஸ்கெட் உட்பட, கவரில் போட்டுத் திரும்பக் கேளுங்கள். நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆசிட்டிலோ காஸ்டிக் சோடாவிலோ ஊறப் போடுவேன் என்றால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள். துத்தநாகத்தை இரண்டுமே தின்னும். கெரசினோ கார்புரேட்டர் கிளீனரோ போதும்.

இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது இ20 பெட்ரோல், ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுப்போகும், ஆக்சிலேட்டர் பம்ப் டயஃப்ரம் விறைத்துவிடும், ஹோஸ் உள்பக்கம் உரிந்து துகள் ஜெட்டுக்குள் போகும். கிட் வாங்கும்போது எத்தனால் தாங்குகிற டயஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள், ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற விட்டான் (Viton) ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் கொஞ்சம் மெலியும். வேலை எல்லாம் முடிந்த பிறகும் ஏற்றத்தில் வண்டி தயங்கினால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் அது கடைசி வேலை. பழைய ஜெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேறு ஜெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை மறக்காதீர்கள், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவை எஞ்சினுக்குள் போகிற குழாய்) நடுவில் சூட்டைத் தடுக்கக் கறுப்பாக ஒரு தடித்த பேக்கலைட் துண்டு. ஓவர்ஹால் செய்யும்போது விரிசல் விட்டிருக்கிறது என்று அதை எடுத்துவிட்டு வெறும் கேஸ்கெட்டோடு மாட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி ஆகி, சித்திரைத் திருவிழா நேரத்தில் கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் சூடு நேராக மேலே ஏறி மிதவை அறைக்குள் பெட்ரோல் கொதித்துவிட்டது. பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் காத்திருந்து கிளப்பினேன், பின்சீட்டில் அம்மா. மதுரை வெயிலுக்கு அந்தத் துண்டு இல்லாமல் முடியாது. உடைந்திருந்தால் அதே தடிமனில் புதிதாகக் கடைந்து போடச் சொல்லுங்கள்.

பார்ட்ஸ் மதுரையில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை. கிட் தேடிப் போகும்போது பழைய டயஃப்ரத்தையும் நீடில் வால்வையும் கையில் கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் அம்பாசிடருடையதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய சோலெக்ஸ் ஒன்று குப்பையில் கிடைத்தால் அதையும் வாங்கிப் போடுங்கள், ஸ்க்ரூ, ஸ்பிரிங், லிவர் எல்லாம் அதிலிருந்து எடுக்கலாம். மதுரையில் யாரும் அமையாவிட்டால் கோயம்புத்தூரில் விசாரியுங்கள், பழைய கார் வைத்திருப்பவர்களும் நுணுக்க லேத்களும் அங்கே நிறைய. பார்சலில் அனுப்புவதாக இருந்தால் பெட்ரோலை முழுக்க வடித்து இரண்டு நாள் காயவிட்டு, மிதவையைத் தனியாகப் பஞ்சில் சுற்றி அனுப்புங்கள். நேரில் போவது அதைவிட நல்லது.

எல்லாம் மாட்டியபின் டியூனிங்கை அந்தப் பெரியவர் கையாலேயே வண்டியில் வைத்துச் செய்ய வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், சோக் முழுக்கத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏர் ஃபில்டரை மாட்டிய நிலையில். மிக்சர் ஸ்க்ரூவை அடி வரை இறுக்கக் கூடாது, ஊசி முனையில் வரி விழுந்துவிட்டால் அப்புறம் எந்த இடத்திலும் நிற்காது. இரண்டு வாரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிறிய காப்பி நிறம் இருந்தால் சரி. கரி அப்பியிருந்தாலோ சுண்ணாம்பு போல வெளுத்திருந்தாலோ அவரிடமே திரும்பிப் போங்கள், அதற்கும் சேர்த்துத்தான் கூலி என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

நீங்கள் திருமங்கலத்தில் இருப்பதால் கப்பலூர் வழியில்தான் இருக்கிறது, முதலில் அங்கேயே லேத் விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூட்டிக் கிடக்கும், சனிக்கிழமை சம்பளம் போடுகிற நாள் என்பதால் மத்தியானத்துக்கு மேல் யாரும் புது வேலை தொட மாட்டார்கள். வார நடுவில் ஒரு நாள் காலையிலேயே, கார்புரேட்டரை மட்டும் அல்ல, பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். புஷ் எந்த அளவு இறுக்கம் வேண்டும் என்று அவர் லேத்காரரிடம் நேரில் சொல்லட்டும்.